ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள்

அன்புள்ள ஐயா,

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். தங்கள் எழுத்துகளைப் பத்து ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600க்கு 571 மதிப்பெண் பெற்றாள். பொறியியலோ வேளாண்மையோ படிப்பாள் என்று எண்ணியிருந்தோம். அவளோ பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து அரசுப் பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு வாத்தியார் வேலைக்கா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கே என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

என் தாத்தா காலத்தில் வாத்தியார் தெருவில் வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்களாம். இன்று அந்த மதிப்பு இல்லை. பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை என்று நாள்தோறும் செய்தி வருகிறது. பின்லாந்தில் மிகச் சிறந்த மாணவர்கள்தாம் ஆசிரியர்களாகிறார்கள் என்று படித்தேன். இங்கே சம்பளத்தை உயர்த்தியும் பயன் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களே தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். இந்தப் பணியின் மதிப்பை மீட்பது எப்படி? பற்றாக்குறையைத் தீர்ப்பது எப்படி? என் மகளை இதற்கு அனுப்பலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம்)
நாமக்கல்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை, பதினேழு வயதில் தனக்கு என்ன வேண்டும் என்பதை வீட்டாரின் முன் நின்று சொன்னதற்காகச் சொல்கிறேன்.

இத்தகைய கடிதங்களுக்கு வழக்கமாக நான்கு வரியில் பதில் எழுதிவிடுவேன். இதற்கு அப்படி எழுத முடியவில்லை. கடிதம் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். அன்று காலையில்தான், என்னைவிட நான்கு வயது இளையவன் ஒருவனுக்கு வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பிக்கொடுத்துவிட்டு மனம் கனத்து வீட்டுக்கு வந்திருந்தேன். அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன் என்பதால், நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றை விரைவாகக் கடந்துவிடுவேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்தை விட்டுவிடுவோம். அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்பதும், விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான் அந்தப் படிப்பில் இடம் கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் ஒரு நாட்டின் ஏற்பாட்டை இங்கே கொண்டுவந்து ஒட்டவைக்கும் பேச்சை நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அந்தப் பேச்சினால் நம் ஊர்ப் பள்ளி எதற்கும் ஓர் ஆசிரியர் கூடுதலாக வந்ததை நான் பார்த்ததில்லை.

திண்ணையிலிருந்து எழுந்து நின்ற மரியாதையைக் குறித்தும் எனக்கு ஏக்கம் கிடையாது. அந்த மரியாதை எல்லா ஆசிரியருக்கும் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஆசிரியர் ஒருவர், குடிக்கும் தண்ணீரைத் தன் வீட்டிலிருந்தே தூக்குச்சட்டியில் ஊற்றி, சைக்கிளில் தொங்கவிட்டு எடுத்துவந்ததை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவருக்காக எந்தத் திண்ணையும் எழுந்து நிற்கவில்லை. சாதியைப் பார்த்துப் பெரியவர்கள் எழுந்ததும் பிரம்பைப் பார்த்துப் பிள்ளைகள் எழுந்ததும் போனால் போகட்டும். அதை மீட்க வேண்டாம்.

அடுத்ததைச் சற்றுக் கடுமையாகச் சொல்வேன். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்பது கடிதத்தில் இல்லை. ஊரையும் மதிப்பெண்ணையும் எழுதிய நீங்கள் பள்ளியை மட்டும் விட்டிருப்பதால் நானாக ஊகித்துக்கொள்கிறேன். ஊகம் தவறானால் மன்னியுங்கள். சரியானால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியில் கணக்குக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது போய்ப் பார்த்தீர்களா? என் இரண்டு பிள்ளைகளும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் இதைக் கேட்கிறேன். நாம் கைவிட்டு வந்த இடத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று நாமே வருந்துவது நியாயமாகாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "வாத்தியார் வேலைக்கா?" என்ற கேள்வியை உறவினர்களின் வாயில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே "எனக்கே" என்று ஒரு சொல் விழுந்திருக்கிறது. அந்தக் கேள்வி உங்களுக்குள்ளும் இருக்கிறது. அது அந்தப் பெண்ணின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பற்றாக்குறைக்கு வருகிறேன். அந்தச் சொல்லையே நான் ஏற்பதில்லை. மழை பொய்த்தால் தண்ணீருக்குப் பற்றாக்குறை வரும். ஆசிரியர் அப்படி வானம் பார்த்து விளைகிறவர் அல்லர். பயிற்சி முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து வயது கடந்தவர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு இங்கே முதன்முதலில் 2012இல் நடந்தது. 2013இல் அதில் தேர்ச்சி பெற்ற பலர் நியமன ஆணைக்காகக் காத்திருந்தபோது, 2018இல் அரசாணை 149 வந்து, தகுதித் தேர்வு மட்டும் போதாது, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தப் போட்டித் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. இருபத்தைந்து வயதில் தகுதி பெற்றவருக்கு அப்போது முப்பத்தாறு வயதாகியிருக்கும். ஆளும் இருக்கிறார், இடமும் காலியாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவைக்கும் ஆணைதான் இல்லை. இதைப் பற்றாக்குறை என்று சொல்லக் கூடாது.

அந்தக் காலியிடங்களை எப்படி நிரப்பினார்கள் என்று பார்த்தால், நீங்கள் தேடும் மதிப்பு எங்கே போனது என்பதும் தெரிந்துவிடும். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதத்துக்கு 5,000 ரூபாய் என்று அமர்த்தினார்கள். தொகை பின்னர் உயர்ந்தது. பகுதிநேரம் என்ற பெயர் போகவில்லை. பல ஆண்டுகள் மே மாதத்துக்குச் சம்பளமும் கொடுக்கவில்லை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியாக 13,331 இடங்களைத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று நிர்ணயித்தார்கள். 7,500 ரூபாயை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 250 ரூபாய் வருகிறது. உங்கள் கடையில் சுமை இறக்குகிறவர் அந்தக் கூலிக்கு வருவாரா என்று நீங்களே சொல்லுங்கள். அந்தத் தொகையும் பின்னர் உயர்த்தப்பட்டது. ஆனால் வகுப்பிலுள்ள பிள்ளைகள் "இவங்க டெம்பரவரி டீச்சர்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வதை எந்த உயர்வும் மாற்றவில்லை. வேலை கொடுத்தவரே தற்காலிகம் என்று எழுதிக்கொடுத்த ஒருவரை ஊர் நிரந்தரமாக மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

சம்பளத்தை உயர்த்தியும் பயன் இல்லை என்ற உங்கள் வரிக்கு ஒரே ஒரு செய்தியைச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். பாடநூலிலும் பிள்ளைகளிலும் வேலையிலும் எந்த வேறுபாடும் இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அவர்கள், சென்னையில் கல்வித்துறை அலுவலகம் உள்ள நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார்ந்ததைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, "வாத்தியாருக்கெல்லாம் எவ்வளவு கொடுத்தாலும் போதாது" என்று சொன்னவர்களில் ஒருவராக நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இவை அனைத்தும் சரிசெய்யப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். எல்லாக் காலியிடங்களும் நாளைக்கே நிரந்தர ஊதியத்தில் நிரம்பிவிட்டன, செய்தித்தாளில் பற்றாக்குறை என்ற சொல்லே இல்லை. அப்போதும் தமிழ்நாட்டின் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு ஒரு நாளின் பெரும்பகுதி நேரம் ஆசிரியர் இருக்க மாட்டார். காரணம், ஆசிரியரை நாம் வகுப்புக் கணக்கில் எண்ணாமல் பிள்ளைகளின் தலைக்கணக்கில் எண்ணுகிறோம். இதை நான் பல கூட்டங்களில் பேசிவிட்டேன். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று கேளுங்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள வகுப்புகளுக்கு, அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், தொண்ணூறு வரை மூவர், நூற்றிருபது வரை நால்வர் என்று அது சொல்கிறது. அதே அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு வரும்போது, ஒரு வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர் என்று சொல்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வகுப்பை வகுப்பு என்று எண்ணிய சட்டம் ஆறு வயதுப் பிள்ளையின் வகுப்பை அப்படி எண்ணவில்லை. தானாகப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஓர் ஆசிரியரை உறுதிசெய்துவிட்டு, எழுத்தே தெரியாதவனுக்கு ஐந்தில் இரண்டு பங்கு ஆசிரியரைக் கொடுத்திருக்கிறது. கட்டடத்தைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை என்றுதான் இருக்கிறது. இரண்டு ஆசிரியர் இருந்தால் இரண்டு அறை போதும். ஐந்து வகுப்பும் அந்த இரண்டுக்குள் அடங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 800 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே அட்டவணைதான். இரண்டு ஆசிரியர்கள் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் கற்பித்தால் 1,600 மணி நேரம். அதை ஐந்து வகுப்புக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு 320 மணி நேரம்தான் கிடைக்கும். ஒருவர் மருத்துவ விடுப்பில் இருந்தால், அல்லது வட்டார அலுவலகக் கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் வாக்காளர் பட்டியல் வேலைக்கும் போய்விட்டால், அதிலும் பாதி. மீதி நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அந்தப் பள்ளியின் பதிவேட்டில் காலிப்பணியிடம் "இல்லை" என்றுதான் எழுதியிருக்கும்.

இதோடு முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை எடுத்து ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். மூன்று ஆசிரியர் இருந்த பள்ளியில் பிள்ளைகள் அறுபத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டாகக் குறைந்தால் ஓர் ஆசிரியர் "உபரி" ஆகிவிடுவார். பணிநிரவலில் வேறு ஊருக்கு அனுப்பப்படுவார். வகுப்பில் ஆசிரியர் இல்லாததைப் பெற்றோர் பார்க்கிறார்கள். அவர்கள் தினமும் அந்த வழியாகத்தான் கழனிக்குப் போகிறார்கள். சன்னல் வழியே எல்லாம் தெரியும். இருக்கும் பிள்ளைகளில் ஐந்து பேரை மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. மதிப்பு எப்படிக் குறைந்தது என்று கேட்டீர்கள், இப்படித்தான் குறைந்தது. ஆசிரியர் கற்பிப்பதை ஊர் கண்ணால் பார்க்கும்போதுதான் மதிக்கும். இரண்டு பேரை ஐந்து வகுப்பில் நிறுத்திவிட்டால் ஊர் பார்ப்பது வேறொன்றை: எப்போது பார்த்தாலும் ஒரு வகுப்பு சும்மா இருக்கிறது, டீச்சர் வேறு எங்கோ இருக்கிறார் என்பதை.

போதிய ஆசிரியர் இல்லாமலே பள்ளி நடத்தும் இந்த ஏற்பாட்டுக்கு வயது இரண்டு நூற்றாண்டுக்கு மேல். அது நம் சென்னையில் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? எழும்பூரில் இராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அனாதை இல்லம் ஒன்று 1789இல் தொடங்கப்பட்டது. அதைக் கவனித்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தன் இல்லத்தில் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சிறியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த முறையைப் பற்றி 1797இல் இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். குறைந்த செலவில் ஏழைப் பிள்ளைகள் நிறையப் பேருக்குக் கல்வி என்று அங்கே அது பரவியது. சென்னை முறை என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளிலும் அப்படிக் கற்பிக்கும் மூத்த மாணவனாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். ஆசிரியரை வைக்கப் பணம் இல்லை என்றால் பிள்ளையையே ஆசிரியராக்கிவிடலாம் என்று உலகம் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பெருமை இல்லை. நான் சட்டாம்பிள்ளையாக இருந்தவன்.

காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஊர் ஊராகத் திறந்த ஓராசிரியர் பள்ளிகளில் ஒன்று எங்களுடையது. பள்ளியே இல்லாத ஊருக்கு ஓர் ஆசிரியராவது போய்ச் சேரட்டும் என்று நினைத்த அந்த மனிதர்களை இன்றைக்கும் கையெடுத்து வணங்குகிறேன். அவர்கள் போட்டது கடைக்கால். அதன் மேல் எழுப்ப வேண்டிய சுவரைப் பின்னால் வந்தவர்கள் எழுப்பவில்லை. 1978இல் நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோதும் அங்கே ஒரே ஆசிரியர்தான். ஓடு வேய்ந்த ஒரே கூடத்தில் ஐந்து வரிசை. வாசலுக்குப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு, சுவரோரம் ஒன்றாம் வகுப்பு. வாத்தியார் நல்லவர், நன்றாகக் கற்பிப்பவர். எனக்கு எழுத்தின் மீது பற்று வந்தது அவரால்தான். ஆனால் அவருக்கு இரண்டு கைகள்தாம் இருந்தன. ஒன்றாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார். கையில் அடிக்கோல் ஒன்றும் கொடுத்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் 'அ' எழுதும்போது சுழியை எதிர்ப்பக்கமாகச் சுழித்துத் தொடங்குவான். நான் அழித்துவிட்டு எழுதிக்காட்டுவேன். மறுபடியும் எதிர்ப்பக்கமாகவே தொடங்குவான். அவன் இடது கைக்காரன் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. பத்து வயதில் தெரியவில்லை. அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்து, இடது கையின் மொளியில் அடிக்கோலால் அடித்தேன். ஒருநாள் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் கோலை வாங்கிக்கொண்டு, அவனைத் தூக்கி மடியில் வைத்து, அவன் இடது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு சிலேட்டில் எழுதவைத்தார். அவன் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. மறு வாரம் வாக்காளர் பட்டியல் வேலை வந்து வாத்தியாரை ஊர் ஊராக அலையவைத்தது. கோல் மீண்டும் என் கைக்கு வந்தது. அவன் பள்ளிக்கு வருவது குறைந்தது. அடுத்த ஆண்டு நான் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போனபோது அவன் ஆடு மேய்க்கப் போயிருந்தான்.

வங்கிச் சீட்டை நிரப்பிக்கொடுத்தது அவனுக்குத்தான். தொண்ணூறுகளில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோது தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டான். இடது கையால் அழகாக எழுதுகிறான். மற்ற இடங்களையெல்லாம் நான் நிரப்பினேன். என்னை அவன் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "சட்டாம்பிள்ளை, நீ எப்ப வந்தே?" என்றுதான் கேட்பான். அதில் அவனுக்குக் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் தைக்கிறது. ஒன்றாம் வகுப்பில் அவனுக்கு ஆசிரியராக இருந்தவன் நான். ஆசிரியர் இல்லாத குறையை நான் கேள்விப்பட்டு அறிந்தவனல்லன் என்பதற்காகவே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல முறைகள் வந்தன. 2007இல், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. அட்டைகளும் ஏணியும் வந்தன. ஆந்திரத்தில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியார் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய முறையை ஒட்டியது அது. அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. 2022இல், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. ஆனால் அவை எல்லாமே ஒருவரே பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் அறைகளுக்குள்தான் போய்ச் சேர்ந்தன.

என் தங்கை அப்படி ஒரு பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 2005இல் 3,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தாள். 2006 ஜூன் 1இல் நிரந்தரப் பணிக்குரிய காலமுறை ஊதியத்துக்கு வந்தாள். நாற்பத்தொரு பிள்ளைகள், ஐந்து வகுப்பு, அவளும் தலைமையாசிரியையும். ஊரில் இருந்த அந்த வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியை கூட்டத்துக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருந்தன. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. மூன்று மணிக்குள் யாருக்கெல்லாம் ஆதார் எண் சரிபார்க்கவில்லை என்ற விவரத்தை ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான சன்னல் ஓரத்தில் நின்று, வலது கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள் தங்கை. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிலேட்டு முழுக்க 'ட' எழுதி எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். அவள் இடது கையால் அவன் தலையைத் தடவினாள். கண் போனில் இருந்தது. அவன் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். புடவை நுனியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு தன் இடத்துக்குப் போய், சாக்பீஸை எடுத்து, தான் எழுதியதற்குத் தானே ஒரு சரிக்குறி போட்டுவிட்டு, சிலேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அன்றிரவு அவளிடம் இதைச் சொன்னேன். அழுதுவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தகுதித் தேர்வுக்கான கையேட்டைத் திறந்து உட்கார்ந்தாள். ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறதல்லவா? அவளுக்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. ஐம்பது வயதில், இருபது ஆண்டு கற்பித்த பிறகு, இரவு பத்து மணிக்குக் குழந்தை உளவியலை மனப்பாடம் செய்கிறாள். தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியருக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்கும் நாடு, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் மகள் தொடக்கப் பள்ளிக்கு வரப்போவதில்லை, பட்டதாரி ஆசிரியையாக ஆறாம் வகுப்புக்கு மேல் கணிதம் கற்பிக்கப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய ஆறாம் வகுப்பில் வந்து உட்காரப்போகிறவன் தன் சிலேட்டில் தானே சரிக்குறி போட்டுக்கொண்டு வந்தவன். அவனுக்குக் கழித்தல் தெரியாது. அவனுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஊர் அவளைத்தான் திட்டும். அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அவள் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தன் முடிவைச் சொல்லியிருக்கிறாள் என்றே கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. பட்டத்துக்கு மூன்று ஆண்டு, பி.எட்.டுக்கு இரண்டு ஆண்டு, தகுதித் தேர்வு, அதன் பிறகு போட்டித் தேர்வு என்று நெடுங்காலம் ஆகும். அதுவரை அவளுடைய கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

அவள் கல்லூரிக்குச் சேர இன்னும் சில வாரங்கள் இருக்குமல்லவா? பள்ளிகள் திறந்துவிடும். உங்கள் ஊரிலிருந்து கொல்லிமலை தொலைவில் இல்லை. மலையில் இல்லாவிட்டால் அடிவாரத்திலாவது இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவர் கூட்டத்துக்குப் போகவேண்டிய நாளாகப் பார்த்து மகளை அழைத்துக்கொண்டு போங்கள். நீங்களும் கடையை ஒரு நாள் மூடிவிட்டு அவளோடு உட்காருங்கள். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் பக்கத்தில் உட்காரட்டும். யாராவது சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்தால் வாங்கிப் பார்க்கட்டும்.

அன்புடன்.